எதிர்மனுதாரர் இல்லாத மனு

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய சிநேகிதரின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் கணவனும். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கியதைப் பார்த்து, "சமாதானமாயிட்டாங்க போல" என்று என் மனைவி சந்தோஷமாக அடுப்பில் பால் வைத்தாள். டீ வந்தது. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள்: "மாமா, நாங்க பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டோம். சண்டையெல்லாம் இல்ல. ரெண்டு பேருக்கும் சம்மதம். அதான், வக்கீல் வைக்காம நாங்களே கேஸ் போட்டுக்கலாமான்னு கேக்க வந்தோம்."

நான் வக்கீல் இல்லை. 32 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட் மாடிப்படி ஏறி இறங்கியே முழங்கால் போனது. அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது சட்ட அபிப்பிராயம் அல்ல, பக்கத்தில் நின்று பார்த்த கதை. அன்று அவர்களோடு பேசியதை இப்போது நாமும் ஒரு டீ நேரத்தில் பேசிப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பையன் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவோம். "நூறு ரூபாய் பத்திரத்துல எழுதி, நோட்டரிகிட்ட ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதாதா சார்? எங்க ஊர்ல அப்படித்தான் அத்து விடுவாங்க." போதாது. சில சமூகங்களில் வழக்கப்படி அத்துக்கட்டும் முறை இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு அதை அப்படியே விட்டும் வைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் நம் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு என்று நாளைக்கு ஒருநாள் நிரூபிக்கிற சுமை நம் தலையில்தான் விழும். நோட்டரிக்கு விவாகரத்து கொடுக்கும் அதிகாரமே கிடையாது. கையெழுத்துப் போட்டது யார் என்று அவர் சான்று சொல்வார், அவ்வளவுதான். அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர்களின் இரண்டாவது கல்யாணம் செல்லாமல் போனதையும், மேலே ஒரு குற்ற வழக்கு ஏறியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அங்கே என்ன நடக்கிறது?

1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, ஒருவர் இன்னொருவர் மேல் குற்றம் சொன்னால்தான் விவாகரத்து. வேறொருவரோடு வாழ்கிறார், மதம் மாறிவிட்டார் என்று எதையாவது நிரூபிக்க வேண்டும். யார் மேலும் தப்பில்லை, ஒத்துவரவில்லை என்று சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1976-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து 13பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த மனுவின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். கணவர் மனுதாரர் 1, மனைவி மனுதாரர் 2 என்றிருக்கும். சாதாரண வழக்கில் மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் 'எதிர்' என்ற சொல். இதில் எதிர்மனுதாரர் என்று யாருமே இல்லை.

அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கல்யாணமாகி ஒரு வருஷம் கடந்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருஷமாகப் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீட்டில்தான் என்று அர்த்தமில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை வாடகைக்கு இரண்டு வீடு எடுக்க முடியாமல் ஹாலில் ஒருவரும் ரூமில் ஒருவருமாக இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். (கிறிஸ்தவர்களுக்கு வேறு சட்டம், அதில் 10ஏ என்று இதே மாதிரி ஒரு பிரிவு 2001-ல் சேர்ந்தது, அது பிரிந்திருக்கச் சொல்வது இரண்டு வருஷம். பதிவுத் திருமணமாகச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்துகொண்டவர்களுக்கு 28-வது பிரிவு. இஸ்லாமியர்களுக்கு முபாரத் என்ற முறை. நாம் இங்கே 13பி-யோடு நடப்போம்.)

மனுப் போட்டதும் தீர்ப்பு வந்துவிடாது. போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து "இப்பவும் அதே முடிவுதான்" என்று சொல்ல வேண்டும். இதை ஒரு தலைகீழ் நிச்சயதார்த்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மனுப் போடுவது தாம்பூலம் மாற்றுகிற மாதிரி, இரண்டாவது தடவை வருவது முகூர்த்தம் மாதிரி. நிச்சயமான கல்யாணம் முகூர்த்தத்துக்கு முன்னால் நின்றுபோவதில்லையா? இதுவும் நிற்கலாம். தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நான் மேலே சொன்ன 1991 தீர்ப்பின் முக்கியமான விஷயமே அதுதான். விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை கல்யாணம் சட்டப்படி உயிரோடுதான் இருக்கிறது. நடுவில் ஒருவர் இறந்துபோனால் மற்றவர் சட்டப்படி வாரிசு.

இந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்றரை வருஷம் பிரிந்திருந்தாகிவிட்டது, சேர்த்து வைக்கிற முயற்சி பலிக்கவில்லை, ஜீவனாம்சமும் பிள்ளைகள் விஷயமும் உண்மையிலேயே முடிந்துவிட்டன, இனிக் காத்திருப்பது வேதனையை நீட்டுவதுதான் என்றால், அதற்குத் தனியாக ஒரு மனுப் போட்டுக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில்.

இப்போது வக்கீல் விஷயம். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ஐச் சேர்ந்தது. அதன் 13-வது பிரிவைப் படித்துக் காட்டியபோது அந்தப் பெண் நம்பவே இல்லை. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வழக்காடுவது யாருக்கும் உரிமை இல்லை என்கிறது அது. வக்கீல் வந்தால் கோர்ட் அனுமதியோடு வருகிறார். அந்த இடத்தைக் கட்டியவர்களின் எண்ணமே, கணவனும் மனைவியும் நீதிபதியோடு நேராகப் பேசவேண்டும் என்பதுதான். குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. என்று நம்பர் ஆகும்; அங்கேயும் நம் வழக்கை நாமே நடத்திக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. "பார்ட்டி இன் பெர்சன்" என்று டவாலி கூப்பிடுவார், எழுந்து போய் நிற்கவேண்டியதுதான்.

"அப்ப நாங்களே போட்டுக்கறோம்" என்று பையன் பாதி எழுந்துவிட்டான். உட்காரச் சொன்னேன். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது.

'ரெண்டு பேருக்கும் சம்மதம்' என்று சொல்கிறோமே, எதற்குச் சம்மதம்? பிரிவதற்குச் சம்மதம். அது ஒரே ஒரு விஷயம். பிரிந்த மறுநாள் காலையிலிருந்து யார் எதைக் கட்டவேண்டும், யார் யாரை எங்கே கூட்டிப் போகவேண்டும் என்பதெல்லாம் வேறு இருபது விஷயம். அந்த இருபதிலும் சம்மதமா என்று யாரும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. முதல் விஷயத்தில் அழுதுகொண்டே ஒத்துப்போனதால் மற்றதெல்லாம் தானாக ஒத்துப்போகும் என்று ஒரு நினைப்பு. சண்டை போடாதவர்களுக்குத்தான் இந்த நினைப்பு அதிகம், ஏனென்றால் அவர்கள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்று நான் செய்தது இதுதான். ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தேன். அவளைச் சமையலறை மேஜையிலும் அவனை வாசல் திண்ணையிலும் உட்கார வைத்து, "ஒருத்தரை ஒருத்தர் கேக்காம, என்ன பேசி முடிச்சிருக்கீங்களோ அதை எழுதுங்க" என்றேன். கால் மணி நேரம். இரண்டு தாளையும் டீப்பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் முதல் வரி ஒன்றுதான்: வீடு அவருக்கு. அவள் தாளில் அதோடு முற்றுப்புள்ளி. அவன் தாளில், 'வீடு எனக்கு, லோன் இப்ப கட்டற மாதிரியே பாதிப் பாதி.' குழந்தை என்ற இடத்தில் இருவருமே 'பாப்பா அம்மாகிட்ட' என்று எழுதியிருந்தார்கள். அவன் வந்து பாப்பாவைப் பார்ப்பது மாதம் ஒரு ஞாயிறு என்று அவள் நினைத்திருந்தாள். அவன் எல்லா சனி ஞாயிறும், முழுப் பரீட்சை லீவும் என்று நினைத்திருந்தான். ஸ்கூல் ஃபீஸ் அவன் தாளில் இல்லவே இல்லை. அவள் பாட்டி கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு அவள் தாளில் இருந்தது, அது அவன் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சண்டையே இல்லாத ஜோடிதான், பொய் சொல்லவில்லை.

அந்தத் தாள் எதற்கு என்று கேட்டால், மனுவோடு போகிற சமரச ஒப்பந்தம் அதிலிருந்துதான் வரப்போகிறது. நீதிபதி கூண்டில் ஏற்றி, "சுயநினைவோடதான் கையெழுத்துப் போட்டீங்களா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்பார். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கின சம்மதம் இல்லை என்று பார்ப்பது அவர் கடமை. ஆனால் வீட்டு லோன் கணக்கு நியாயமா, விளக்கு யாரிடம் இருக்கிறது என்று அவர் உள்ளே போய்த் துருவிக்கொண்டிருக்க மாட்டார். போதாததற்கு, இருவர் சம்மதத்தோடு வரும் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்திலேயே இருக்கிறது. எழுதியது எழுதியதுதான்.

ஆகவே 'வக்கீல் வேண்டுமா' என்ற கேள்விக்கு விடை கோர்ட் ஹாலில் இல்லை, அந்தத் தாளில் இருக்கிறது. அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சேர்ந்து வாங்கிய வீடு இருந்தால் கவனம். கடன் ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்து இருக்கும்வரை, தீர்ப்பில் 'கணவரே கட்டுவார்' என்று எழுதியிருந்தாலும் அது வங்கியைக் கட்டாது. அவர் இரண்டு தவணை விட்டால் வங்கி மனைவியைக் கேட்கும், சிபில் ஸ்கோர் இருவருக்கும் விழும். ஒரே கயிற்றில் கட்டின இரண்டு மாடு மாதிரி. சந்தையில் ஒன்றை விற்றாலும் கயிற்றை அவிழ்க்காமல் அது போக முடியாது. அவிழ்ப்பது என்றால் கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கி ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது கடனை அடைத்து முடிக்க வேண்டும். அப்புறம் பாகத்தை எழுதிக்கொடுப்பதற்கு ஒரு பத்திரம், அதற்குப் பதிவு. குடும்ப உறுப்பினருக்கு எழுதிக்கொடுத்தால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு, கணவன் மனைவி அந்தப் பட்டியலில் வருகிறார்கள். தீர்ப்புக்கு அப்புறம் நாம் கணவன் மனைவி இல்லை. எதை முதலில் செய்வது என்ற இந்த ஒரு வரிசையைத் தெரிந்துகொள்வதற்காகவே வக்கீலுக்குக் கொடுக்கிற காசு தகும்.

ஏற்கெனவே போலீஸ் புகார் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வக்கீல் வேண்டும். வரதட்சிணைக் கொடுமை வழக்கு, 498ஏ என்று நாம் பழக்கத்தில் சொல்வது, இப்போது புதிய சட்டத்தில் 85-வது பிரிவு. இருவரும் சமரசமாகிவிட்டோம் என்று சொன்னால் மட்டும் அது முடிந்துவிடாது. உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். விவாகரத்து வந்தவுடன் எல்லாம் தீர்ந்தது என்று ஒருவர் வாய்தாவுக்குப் போகாமலே இருந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்துப் பிடிவாரண்டோடு வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றபோது, அவர் தீர்ப்பு நகலைக் காட்டிக் காட்டிப் பேசினாராம். அந்தத் தீர்ப்புக்கும் அந்த வாரண்டுக்கும் சம்பந்தமில்லை.

குழந்தை விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 'எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம்' என்று ஒரு பெண் எழுதிக்கொடுக்கலாம். 'குழந்தைக்கும் எதுவும் வேண்டாம்' என்று எழுதிக்கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை, அது குழந்தையின் பாத்தியதை. யாரிடம் வளர்வது, எப்போது பார்ப்பது என்பதையும் பின்னால் நிலைமை மாறினால் கோர்ட் மாற்றலாம். அதனால் இந்தப் பகுதியில் பயப்பட வேண்டாம், தெளிவாக எழுத வேண்டும். தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம் என்பது வரைக்கும்.

இன்னொரு அடையாளம் சட்டப் புத்தகத்தில் இல்லாதது. பணத்தைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், அங்கே வக்கீல் வேண்டும், தனித்தனியாக. இதெல்லாம் இல்லாமல், வாடகை வீடு, பிள்ளை இல்லை, இருவருக்கும் சம்பளம், நகை அவரவரிடம், கேஸ் எதுவும் இல்லை என்றால் தாராளமாகத் தாங்களே போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டு முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

'ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் வச்சுக்கறோம்' என்பார்கள். கூட்டு மனுவை எழுத ஒருவர் போதும், அது நடக்கிறதுதான். ஆனால் அவரிடம் போய் 'இந்த ஒப்பந்தம் எனக்கு நல்லதா?' என்று ஒருவர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நஷ்டமாக இருக்கும். எங்கள் சீனியர் அந்தக் கேள்வி வந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, ரொம்பப் பேருக்குத் தோன்றுவதில்லை. வழக்கு நடத்த வக்காலத்து கொடுக்காமல், எழுதி முடித்த ஒப்பந்தத்தை மட்டும் ஆளுக்கொரு வக்கீலிடம் காட்டி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துச் சொல்லச் சொல்லலாம். தையற்காரரிடம் துணி தைக்கக் கொடுக்காமல் அளவு மட்டும் எடுத்து வருகிற மாதிரி. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. 1987-ன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பாத்தியதை. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை. 2020-ல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளுக்காக, சொத்தும் கடனும் சொல்கிற வாக்குமூலத்துக்கு ஒரு படிவம் கொடுத்தது. சண்டை போடுகிறவர்களுக்காக வந்த படிவம்தான். ஆனாலும் அதை எடுத்து இருவரும் தனித்தனியாக நிரப்பிப் பாருங்கள். பி.எஃப்., சீட்டுப் பணம், அடகில் இருக்கும் வளையல் என்று நாம் மறந்ததையெல்லாம் அது கேட்கும்.

தாங்களே போடுவதென்று முடிவானால், வேலை பெரிய வித்தையில்லை, பொறுமை வேண்டும். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர் போன்ற இடங்களில் எந்தக் கோர்ட்டுக்கு எல்லை வருகிறதோ அங்கே போடலாம். கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, பதிவுச் சான்று, ஆதார், முகவரிச் சான்று எல்லாம் சேரவேண்டும். இப்போது இ-ஃபைலிங் வந்துவிட்டது, வக்கீல் இல்லாதவரும் அதில் பதிந்துகொள்ளலாம். முதல் தடவை ரிட்டர்ன் ஆகும், மனசு விடக்கூடாது. பத்திரிகையில் ஒரு தேதி, மனுவில் ஒரு தேதி என்று சின்னதாக ஏதாவது இருக்கும். சரிசெய்து மறுபடி போடலாம். நம்பர் ஆனதும் எழுத்தும் இலக்கமும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் வரும். அதைப் போனில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்கள் காலத்தில் அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் மெனக்கெட்டு கோர்ட்டுக்குப் போய் வரவேண்டும்.

அந்த இருவரும் இரண்டு தாளையும் மடித்து ஒரே கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். லோனுக்காக மட்டும் ஆளுக்கொரு வக்கீலைப் பார்ப்பதாகவும், மனுவைத் தாங்களே போடுவதாகவும் பேச்சு. வாசலில் செருப்பு மாட்டும்போது பையன், "தீர்ப்பு வந்தப்புறம் வேற ஏதாவது உண்டா சார்?" என்றான். உண்டு. அன்றைக்கே நகல் மனு போட்டு, கோர்ட் முத்திரை போட்ட நகல் ஆளுக்கு இரண்டு வாங்கிவிட வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும் வெறும் ஜெராக்ஸ் செல்லாது. எல்.ஐ.சி.யிலும் வங்கிக் கணக்கிலும் நாமினி பெயர் தீர்ப்பால் தானாக மாறாது, நாமே எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். "அப்புறம் அந்தக் குத்துவிளக்கு" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வந்துடறேன் சார்" என்றான் அவன், அவளைப் பார்த்து.